படகுக்கு நான்கு எலுமிச்சம்பழம்

என் பேருந்தின் முன்கண்ணாடி ஓரத்தில் எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம் கிடக்கும். பயணிகள் அதைச் சாமி பழம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. அது என் அண்ணன் மனைவியின் வாந்திப் பழம் என்று காலங்காத்தாலே யாரிடம் சொல்வது?

ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குத் தொழிற்சாலை ஆட்களை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர் நான். ஒருநாள் பாலத்து நெரிசலில் காரணமே இல்லாமல் நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, ஸ்டீயரிங்கை விட்டுவிட்டேன். வண்டி நின்றுகொண்டிருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆயிற்று. அதன்பின் எட்டு மாதம் எந்தச் சாவியையும் தொடவில்லை. வாசலைத் தாண்டினாலே வியர்த்தது. இனி வண்டியே ஓட்ட மாட்டேனோ என்ற பயம் என்னைத் தின்றது. மருத்துவர் மாத்திரையோடு இன்னொன்றும் சொன்னார். கெலாங் பாத்தா பக்கம் என்னைப் போன்றவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் பாய்மரப் படகுப் பயிற்சியாம். "மனசு சரியில்லாதவன கடல்ல தள்றாங்களா?" என்றார் அண்ணன். அண்ணி மட்டும் அந்தச் சனிக்கிழமையே கைப்பையோடு கிளம்பி நின்றார்.

அண்ணி குளுவாங் தோட்டத்தில் பிறந்தவர். அவர் பார்த்த பெரிய தண்ணீர் மழைக்கு நிரம்பும் வாய்க்கால்தான். கைப்பையில் நான்கு எலுமிச்சம்பழம் இருந்தது. சக்கரத்தடியில் பழம் நசுக்காமல் எங்கள் வீட்டில் யாரும் புது வண்டி எடுத்ததில்லை. கரையில் நின்ற படகை ஒரு சுற்று சுற்றினார், இன்னொரு சுற்றும் சுற்றினார். "தம்பி, இதுக்கு டயரே இல்லையே" என்றார், நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்ற குரலில். பயிற்சியாளர் மலாய்க்காரர். அவரை எல்லாரும் சேகு என்றுதான் கூப்பிடுவார்கள், வாத்தியார் என்று அர்த்தம். விஷயத்தைக் கேட்டவர் சிரிக்காமல், படகைத் தண்ணீருக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டியைக் காட்டினார். அதற்கு இரண்டு சக்கரம். இரண்டு பழம் நசுங்கின, மிச்சம் இரண்டும் கைப்பைக்குத் திரும்பின.

படகு தண்ணீரில் இறங்கி ஆடியது. என் கால் நகரவில்லை. "வீட்டுக்குப் போலாம் அண்ணி" என்றேன். அவர் புடவைக்கு மேல் உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த வேகத்தில் முகம் வெளுத்தது. "தம்பி, ஆடுது லா. வந்து புடிங்க." யோசிக்க நேரமில்லை, ஏறினேன். சேகுவும் ஏறி, சுக்கானை என் கையில் திணித்துவிட்டுப் பாய்க்கயிற்றைத் தான் பிடித்துக்கொண்டார். காற்று தூக்கியதும் அண்ணி வாந்தி எடுத்தார். பிறகு ஒரு பழத்தைக் கீறி மூக்கில் வைத்து, கண்ணை மூடியபடியே எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். "மெதுவா... லெஃப்ட்ல திருப்புங்க... பிரேக் போடுங்க தம்பி." படகுக்குப் பிரேக்கும் கிடையாது என்று சொல்லப்போய் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல மாதத்தில் முதல் சிரிப்பு. கரைக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், அரைமணி நேரம் சுக்கான் பிடித்திருந்த கை நடுங்கவில்லை.

ஒரே நாளில் குணமாகிவிடவில்லை. மாத்திரை தொடர்ந்தது. சில சனிக்கிழமை கரையிலேயே உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். அண்ணி ஒவ்வொரு வாரமும் வந்தார், படகு போன ஒவ்வொரு வாரமும் வாந்தி எடுத்தார். வேலைக்குத் திரும்பும் முன், கடைசிச் சனிக்கிழமை படகிலிருந்து இறங்கியதும் கேட்டேன், "இவ்ளோ பயந்துகிட்டு அன்னிக்கு ஏன் ஏறினீங்க?"

"நான் கீழ நின்னா நீங்களும் நிப்பீங்க. நான் ஏறினா, என்னை எறக்கவாவது ஏறுவீங்கல்ல" என்றார், வாயைத் துடைத்தபடி.

திங்கட்கிழமை காலை என் பழைய பேருந்தின் முன்னால் வந்து நின்றார். ஆறு டயருக்கும் ஆறு பழம் வைத்தார். ஏழாவதை என் கையில் கொடுத்தார். "இது நசுக்கறதுக்கு இல்ல. மோந்து பாத்துக்குங்க."

அண்ணி இப்போது குளுவாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். பழம் காய்ந்தால் நானே புதிது வாங்கி வைக்கிறேன். பாலத்து நெரிசலில் நெஞ்சு லேசாகப் படபடத்தால் எடுத்து முகர்கிறேன். "பிரேக் போடுங்க தம்பி" என்று காதில் விழுகிறது. போடுகிறேன். இதற்குப் பிரேக் இருக்கிறது.