தையற்காரரின் பச்சைப் பட்டி

இத்தாலியில் மொன்டெல்வா என்றொரு சிற்றூர். அவ்வூர் உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாறு என்று இன்று எல்லோரும் சொல்வது பொய். அந்தப் பொய்யை எழுதியவன் நான்.

மெல்பேர்னில் நோபல் பார்க் பகுதியில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்தானுக்கும் இத்தாலிக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன்.

பக்கத்துப் பகுதியான மல்கிரேவில் ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பது என் தொழில். ஓய்வு நாட்களில் நம்மவர் சங்கங்களுக்கு ஆண்டு மலர் போட்டுக் கொடுப்பேன். வாழ்த்துச் செய்தி வந்து சேராவிட்டால் நானே எழுதிவிடுவேன். சங்கத்தின் வரலாறு மெலிந்திருந்தால் கொஞ்சம் ஊட்டம் கொடுப்பேன். ஒருவரும் கோபித்ததில்லை... அதுவே பழக்கமாகிப் போயிற்று.

மெல்பேர்னில் வாழும் மொன்டெல்வா ஊரவர்களும் தங்கள் கழகத்துக்கு ஒரு மலர் வேண்டுமென்று எங்கள் அச்சகத்துக்கு வந்தார்கள். ஊரில் கழகம் நொடித்து, பதிவேடுகள் தொலைந்து, புதியவர்கள் அதை மறுபடி தொடங்கியிருந்த நேரம். பழைய கதை தெரிந்தவர் என்று மெல்பேர்னில் ஒருவர்தான் மிஞ்சியிருந்தார். ரோசா, எழுபதைக் கடந்தவர். கழகத்தின் முதல் சட்டைகளைத் தைத்த தையற்காரரின் மகள்.

அவர் சொன்ன கதை இதுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம், துணிக்குத் தட்டுப்பாடு. பதினொரு சட்டைக்கென்று கொடுத்த வெள்ளைத் துணியைத் தந்தை பிழையாக வெட்டிவிட்டார். வேறு வழியில்லாமல் நெஞ்சுக்குக் குறுக்கே பச்சைத் துண்டு வைத்து ஒட்டுப் போட்டார். ஊரே சிரித்தது. எதிரணியினர் 'கந்தல்காரர்' என்று கூவினார்கள். அந்த வருடம் தோல்விக்கு மேல் தோல்வி. ஆனாலும் அடுத்த வருடம் ஊரார் வந்து, அதேமாதிரிப் பிழையாகத் தைத்துத் தரும்படி கேட்டார்களாம்.

"அந்தக் கோணல் என்னுடையது என்று அப்பா பெருமையாகச் சொல்லுவார்" என்று சிரித்தார் ரோசா.

எத்தனை அருமையான கதை! அன்று எனக்கு அது விளங்கவில்லை. தப்பாக வெட்டிய துணியா ஒரு கழகத்தின் அடையாளம்? கோயிலுக்குக் கோயில் தலபுராணம் கேட்டு வளர்ந்தவன் அல்லவா நான்... ஆற்றில் ஒரு வெள்ளத்தை வரவழைத்தேன். ஊரைக் காப்பாற்றிய பதினொரு இளைஞரைப் படைத்தேன். பாதிரியார் தன் பச்சை அங்கியைக் கிழித்து அவர்களுடைய தோளில் குறுக்காகச் சாத்தினார், அந்தத் துண்டுகளைக் கன்னியாஸ்திரிகள் சட்டையில் வைத்துத் தைத்தார்கள் என்று எழுதினேன். தையற்காரருக்குக் கதையில் இடமே இல்லாமற் போயிற்று.

மனைவி வாசித்துப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, இது பொன்னாடை போர்த்திற மாதிரியெல்லோ கிடக்கு. அந்த மனிசி சொன்னதெண்டு நீங்கள் வந்து சொன்ன கதை வேறையெல்லே?"

"மலருக்கு இப்பிடித்தான் எழுதவேணும்" என்றேன்.

மலர் வெளிவந்ததும் ரோசா தொலைபேசியில் அழைத்தார். கோபிக்கவில்லை. இந்தக் கதை உங்களுக்கு எங்கே கிடைத்தது என்றுதான் கேட்டார். உண்மையில் நான் கெட்டது அந்த இடத்தில்தான். அதுவரை செய்ததைக் கற்பனை என்றாவது சமாளிக்கலாம். "அந்த ஊர்ப் பாதிரியார் ஒருவரின் பழைய கடிதம் கிடைத்தது" என்றேன். ஏன் சொன்னேன்? வெட்கம்... வேறொன்றுமில்லை.

மலர் இத்தாலிக்குப் போனது. வரலாறு இல்லாமல் தவித்த கழகம் அதை இறுகப் பிடித்துக்கொண்டது. மைதானச் சுவரில் வெள்ளத்தையும் பாதிரியாரையும் பெரிதாக வரைந்தார்கள்.

சில மாதங்களுக்கு முன் ரோசா ஊருக்குப் போய்வந்தார். வந்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, குசினிக் கதிரையில் அமர்ந்து, அந்தச் சுவரின் படத்தைக் காட்டினார். அங்கே கழகத்துப் பிள்ளைகளிடம் தன் தந்தையின் கதையைச் சொன்னாராம். சிரித்தார்களாம்.

"சாகும்வரை இதைத்தான் சொன்னார். அப்பா எனக்கு ஏன் பொய் சொன்னார்?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வயதானவர்கள் அப்படித்தான்..."

ரோசா தலையை ஆட்டினார். பிறகு ஓர் உதவி கேட்டார். தந்தையின் கல்லறையில் 'மொன்டெல்வாவின் சட்டையைத் தைத்தவர்' என்று பொறித்திருக்கிறார்களாம். இனி அதைப் பார்க்க வெட்கமாக இருக்கிறதாம். அந்த வரியை எடுத்துவிடச் சொல்லிக் கல்லறைத் தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் வேண்டும். "எழுத்து உங்களுக்கு நன்றாக வருமே."

எழுதிக் கொடுத்தேன். ஒரு சொல் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு தரம் வாசித்து, நன்றி சொல்லி, கையெழுத்திட்டார்.

வேலை முடிந்துவிட்டது என்று நேற்று அழைத்துச் சொன்னார். இப்போது அந்தக் கல்லில் ஒரு பெயரும் இரண்டு தேதிகளும் மட்டுமே இருக்கின்றன. உங்களிடம் சொல்லிவிட்டேன். ரோசாவிடம் இன்னும் சொல்லவில்லை.