ஆறு வருடம் நின்ற படகு

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை போய்விடும். இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலமும் உண்டு. இப்போது சொன்னால் நாக்கு கூசுகிறது. ஆறு வருடத்துக்கு முன் இந்தக் கை என் தம்பியின் இடது காதில் விழுந்தது. காரணம் ஒரு படகு.

பேராவூரணிக்குத் தெற்கே எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. அங்கிருந்து கடலுக்கு டிராக்டரில் போனால் முக்கால் மணி நேரம் ஆகும். நான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். தோப்பைத் தம்பி பார்த்துக்கொண்டான். லீவில் நான் வரும்போது இரண்டு பேரும் தூண்டில் போடப் போகலாம் என்று ஒரு சின்ன ஃபைபர் படகு வாங்கினோம். அதன் பின்பக்கம் மாட்ட ஒரு பெட்ரோல் இன்ஜின், இழுத்துப்போக ஒரத்தநாட்டுப் பட்டறை ஒன்றில் செய்த இரண்டு சக்கர டிரெய்லர். முதல் நாளே கரையில் இறக்கும்போது தம்பி கட்டியிருந்த கயிறு அவிழ்ந்து படகு சரிந்தது. பக்கவாட்டில் ஒரு கீறல், அவ்வளவுதான். நான் அறைந்தேன். செவிப்பறை கிழிந்துவிட்டது என்று தஞ்சாவூரில் டாக்டர் சொன்னார். அந்தக் காது அதோடு போயிற்று. நான் அந்த வாரமே விமானம் ஏறிவிட்டேன். தம்பி படகைத் தோப்புக் கொட்டகைக்குள் விட்டுப் பூட்டினான், என்னோடு பேச்சையும் நிறுத்தினான். நடுவில் இரண்டு முறை லீவில் வந்தேன். இரண்டு முறையும் அவன் வெளியூர் போய்விட்டான்.

போன வைகாசியில் வந்தபோது என் மனைவிதான் அவன் வீட்டுக்குப் போய்ப் பேசினாள். மறுநாள் காலை கொட்டகை வாசலில் சாவியோடு நின்றான். கன்னத்துப் பக்கம் முடி நரைத்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் பூட்டைத் திறந்துகொண்டே சொன்னான்.

"ஓடிச்சுன்னா நானும் வரேண்ணே."

ஆறு வருடத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. படகு எக்கேடு கெட்டால் எனக்கென்ன, இவன் வரவேண்டும், அதற்காக இந்த இரும்பு ஓடித்தான் ஆகவேண்டும் என்று நினைத்தேன். சாப்பாட்டுத் தூக்கோடு வந்த என் மனைவி என்னைத் தனியாக இழுத்து, "கையை மட்டும் நீட்டிறாதீங்க. இதுக்கு மேல என்னால போய்ப் பேச முடியாது" என்றாள். தலையாட்டினேன்.

டிரெய்லரில் ஆரம்பித்தோம். டயர் இரண்டும் சித்திரை மாத வயல் மாதிரி வெடித்திருந்தன. ஒவ்வொரு டயருக்கும் முன்னால் காய்ந்த எலுமிச்சம்பழங்கள் கிடந்தன. சில தட்டையாக நசுங்கித் தரையோடு ஒட்டியிருந்தன. சில நசுங்காமலே வற்றிக் கோலிக்குண்டு போலக் கிடந்தன. ஆயுத பூஜைக்கு வண்டிச் சக்கரத்தடியில் வைத்து ஏற்றுவார்களே, அந்தப் பழங்கள். "ஓடாத வண்டிக்கு எலுமிச்சம்பழம் ஒரு கேடா?" என்று காலால் எத்தித் தள்ளினேன். தம்பி டீசல் கேனை எடுக்கப் போனான்.

சக்கர நட்டுகள் துருப்பிடித்து போல்ட்டோடு ஒன்றாகியிருந்தன. டீசல் ஊற்றி ஊறவைத்தோம். ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி அதன்மேல் ஏறி நின்று குதித்தேன். ஒரு போல்ட் தலையே முறிந்து பறந்தது. சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே பேரிங் அச்சோடு இறுகிக் கிடந்தது. சம்மட்டியால் அடித்தேன். அடிக்க அடிக்க எனக்கு வெறி ஏறியது. சொந்தக்காரன் ஒருத்தனை அடிப்பது போலப் பெயர் வைத்து, திட்டித் திட்டி அடித்தேன். கடைசியில் பேரிங் உடைந்து பழுப்புப் பொடியாகக் கொட்டியபோது சந்தோஷத்தில் கத்தினேன். தம்பி அந்தச் சத்தத்துக்கு ஓரடி பின்னால் போனான். அதை அன்றைக்கு நான் கவனித்தும் கவனிக்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

அவனிடம் பேசவேண்டுமென்றால் வலப்பக்கம் போய் நிற்கவேண்டும். நான் மறந்து மறந்து இடப்பக்கமே நின்றேன். அவன்தான் ஒவ்வொரு தடவையும் உடம்பைத் திருப்பிக்கொண்டான். மதியம் மோட்டார் சைக்கிளில் பட்டுக்கோட்டைக்குப் போய்ப் புது பேரிங்கும் டயரும் வாங்கி வந்தான்.

மறுநாள் இன்ஜின். மூடியைத் தூக்கியதும் குளவி ஒன்று புறங்கையில் கொட்டியது. பந்தத்தைக் கொளுத்திக் கூட்டைப் பொசுக்கினேன். உள்ளே எலி தேங்காய் நாரால் மெத்தை கட்டியிருந்தது. அதைப் பிய்த்து எறிந்தேன். பழைய பெட்ரோல் கார்புரேட்டருக்குள் வெல்லப்பாகு மாதிரி உறைந்திருந்தது. கழற்றி, புதுப் பெட்ரோலில் கழுவி, செம்புக் கம்பி இழையால் ஒவ்வொரு துளையாகக் குத்தி எடுத்தேன். பிளக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பம்புசெட் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதன் சுவரில் பலகை கட்டி இன்ஜினை மாட்டினேன். ஸ்டார்ட் செய்யும் கயிறு மூன்றாவது இழுப்பிலேயே அறுந்து, நான் மல்லாந்து விழுந்து முழங்கை தொட்டி விளிம்பில் மோதியது. தோல் வழன்று ரத்தம் வந்தது. இன்ஜின் தலையில் இருக்கும் சக்கரத்தில் வேறு கயிற்றைக் கையால் சுற்றி இழுத்துப் பார்த்தேன். கயிற்று நுனியில் ஒரு கட்டைப் பிடி. ஒவ்வொரு இழுப்புக்கும் கயிறு கழன்று சாட்டை மாதிரி வீசிக்கொண்டு கையோடு வரும். இருபது தடவை இழுத்திருப்பேன். இன்ஜின் ஒரு தடவை உதைத்து என் கட்டைவிரலைப் பின்னால் மடக்கியது. அதன் அம்மா வரைக்கும் திட்டினேன்.

அடுத்த இழுப்பில் ஓடியது. தோப்பு முழுக்க வெள்ளைப் புகை. காகங்கள் பறந்தன. பத்தடி தள்ளி டிரெய்லரில் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்த தம்பி நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். ஆறு வருடச் சிரிப்பு அது. நாளைக்கே கடல் என்று சைகை காட்டினேன். தலையாட்டினான்.

இந்த இன்ஜின், தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் தன் காலில் இருக்கும் சல்லடை வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, உடம்பைக் குளிர்வித்துக்கொண்டு, பின்பக்கத்து ஓட்டை வழியாக நூல் மாதிரிப் பீய்ச்சும். அந்த நூல் வந்தால்தான் இன்ஜினுக்கு உயிர். பார்த்தேன், வரவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பெயின்ட் கருகும் வாடை வந்ததும் அணைத்தேன். தண்ணீர் இழுக்கும் ரப்பர் சக்கரம் போயிருக்கவேண்டும். தண்ணீரில்லாமல் ஓட்டினால்தான் அது தேயும். தண்ணீரில்லாமல் ஓட்டாதே என்று என் மனைவி வாயிலாக அவனுக்கு எத்தனை தடவை சொல்லி அனுப்பியிருப்பேன்! வேண்டுமென்றே ஓட்டியிருக்கிறான், காதுக்குப் பழி வாங்கியிருக்கிறான் என்று தோன்றியது. தோன்றிய கணமே அது எனக்குச் சத்தியமாகிவிட்டது.

"தண்ணி இல்லாம ஓட்டுனியாடா?" என்று கத்திக்கொண்டே போனேன். குனிந்து சக்கரத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். இரண்டாம் தடவை கத்தினேன். நிமிரவில்லை. "வாயில என்ன கொழுக்கட்டையா? ஓட்டுனியா இல்லையா?" அவன் சுத்தியலைத்தான் ஓங்கினான், சக்கரத்தின் மேல். என் கையில் கயிறு இருந்தது. வீசினேன். கட்டைப் பிடி சுற்றிக்கொண்டு போய் அவனுடைய வலது காதில் அடித்தது.

அவன் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு திரும்பினான். விரல் இடுக்கில் ரத்தம் இறங்கியது. முகத்தில் கோபமே இல்லை, எதுவோ விளங்காதவன் முகம்.

"என்னண்ணே சொன்னீங்க? கேக்கலையே" என்றான்.

அப்போதுதான் தெரிந்தது, நான் நின்றது அவனுக்கு இடப்பக்கம். அவன் என் பதிலுக்காக என் உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் கயிற்றைக் கீழே போட்டேன். தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவினான், துண்டைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டு மோட்டார் சைக்கிளை ஒற்றைக் கையால் ஓட்டிப் போய்விட்டான்.

நான் அங்கேயே இருந்தேன். வேறு எங்கே போவது? நான் அடித்தது நியாயம்தான் என்று எனக்கே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. இதைவிடக் கேவலமான ஒரு காரணத்துக்காக நான் எந்த இயந்திரத்தையும் பிரித்ததில்லை. இன்ஜின் காலைக் கழற்றி ரப்பர் சக்கரத்தை எடுத்தேன். ஓர் இதழ்கூடத் தேயவில்லை. புதிதாக வாங்கிய அன்றைக்கு இருந்தது போலவே வளைந்தது. சரி, தண்ணீர் எங்கேதான் நிற்கிறது? சல்லடையைத் துடைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் துளைகள் அடைத்துக் கிடந்தன. சைக்கிள் கம்பியால் குத்தினேன். மஞ்சளாக ஒரு கட்டி உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. முகர்ந்தேன். சந்தனம்.

கிரீஸோடு சேர்ந்து சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. உடைத்தால் உள்ளே மஞ்சளுக்கு மேல் சிவப்பு, சிவப்புக்கு மேல் மஞ்சள், சந்தனமும் குங்குமமுமாக அடுக்கு அடுக்காக. பின்பக்கத்து ஓட்டையிலும் அதே அடைப்பு. மண்வெட்டிக்கும் பம்புசெட்டுக்கும் டிராக்டருக்கும் வைக்கிறபோது ஆயுத பூஜைதோறும் இதற்கும் வைத்திருக்கிறான். எங்கே வைப்பது என்று தெரியாமல், நெற்றி மாதிரித் தெரிந்த இடத்தில் எல்லாம் வைத்திருக்கிறான். எலுமிச்சம்பழங்களும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. முதல் சில வருடம் தனியாக டிரெய்லரைத் தள்ளிப் பழத்தின் மேல் ஏற்றியிருக்கிறான். பிறகு பேரிங் இறுகிவிட்டது. தள்ள முடியவில்லை. ஆனாலும் பழத்தை மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். என்னோடு பேசாத ஆறு வருடமும்.

நான் ஓவென்று அழுதேன். அழுதுகொண்டே எல்லாத் துளையையும் குத்திவிட்டு, இன்ஜின் காலைத் திரும்ப மாட்டிக் கயிற்றை இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் ஓடியது. ஓட்டையிலிருந்து முதலில் மஞ்சள் தண்ணீர் வந்தது, பிறகு நல்ல தண்ணீர் நூலாகப் பீய்ச்சியது.

நேராக அவன் வீட்டுக்குப் போனேன். தம்பி மனைவி வாசலிலேயே மறித்து நின்றாள். அவளை நான் அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை.

"அவருக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணும் கேக்கல. இரைச்சலா இருக்காம். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். ஏதாச்சும் சொல்லணும்னா எழுதிக் குடுங்க மாமா" என்று பிள்ளைகளின் நோட்டு ஒன்றை நீட்டினாள்.

வாசலில் நின்றபடி எழுதினேன். 'சந்தனம் அடைச்சிருந்துச்சு. உன் மேல தப்பு இல்ல. இன்ஜின் ஓடிருச்சு. வருவியா?' மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதி, அடித்துவிட்டு, மறுபடி எழுதினேன். உள்ளே எடுத்துப் போனாள். நெடுநேரம் கழித்து நோட்டு திரும்பி வந்தது. என் எழுத்துக்குக் கீழே அவன் எழுத்து.

'நான் வரல. தண்ணி ஊத்துதான்னு பாத்துக்கிட்டே ஓட்டுங்க.'

வலது காது மூன்று வாரத்தில் பெரும்பாலும் திரும்பிவிட்டது. அவன் திரும்பவில்லை. நான் சிங்கப்பூர் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை டிராக்டரையும் டிரைவரையும் மட்டும் அனுப்பியிருந்தான். கயிற்றை இந்தத் தடவை நான்தான் கட்டினேன். படகு சரியாமல் இறங்கியது. இன்ஜின் ஒரே இழுப்பில் பிடித்தது. அலை தாண்டிப் போகிறவரைக்கும் நான் முன்னால் பார்க்கவே இல்லை. அவன் உட்காரவேண்டிய முன்பலகை காலியாக இருந்தது. கழுத்தைத் திருப்பி, அவன் சொன்னபடியே, தண்ணீர் ஊற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஊற்றிக்கொண்டுதான் இருந்தது.