உன்னோட மாட்டோட

"உன்னோட மாட்டோட நான் வாழுவேன், டுக் டுக் டுக் டுக், கண்ணாளா" என்று பாடியபடி எஞ்சினுக்கு அடியில் படுத்திருப்பார். வெளியே தெரிவது இரண்டு கால்கள்தான். இடது கால் பெருவிரல் தாளம் போடும். நடுவே வருகிற டுக் டுக் பாட்டில் உள்ளதல்ல. அந்த இடத்தில் என்ன வார்த்தை என்று அவருக்கே தெரியாது.

டுக்டுக் மெக்கானிக் என்றால்தான் எங்கள் தெருவில் ஆளைத் தெரியும். வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற டீசல் எஞ்சின்களைப் பழுது பார்ப்பவர். என் சைக்கிள் கடைக்கும் அவர் பட்டறைக்கும் நடுவில் ஒரு தகரம்தான். ஆகவே நானும் அந்தப் பாட்டோடுதான் குடித்தனம் நடத்துகிறேன்.

சின்ன வயதில் எருமை மேய்த்தவர். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் ரேடியோ. இந்தப் பக்கம் எருமை முதுகில் இவர். நடுவயலில் டுக் டுக் என்று தண்ணீர் இறைக்கிற எஞ்சின். அது போனால் போகிறதென்று விட்ட வார்த்தைகள் மட்டுமே இவர் காதுக்கு வந்து சேர்ந்தன.

"எப்பேர்ப்பட்ட பொம்பள பாருய்யா! ஆள மட்டும் இல்ல, அவன் மாட்டையும் சேத்து ஏத்துக்கறா" என்பார். அவருடைய எருமைக்கு ஒற்றைக் கொம்பு. கொம்பி என்று பெயர். "இந்த வரி வந்தா கொம்பி காத ஆட்டும்யா. அதுக்குப் புரிஞ்சிருக்கு."

கல்யாணத்துக்கு முன்னால் மனைவியிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, "மாடு புடிக்குமா?" அந்த அம்மாள் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறார்: "அப்பவே எந்திரிச்சு ஓடியிருக்கணும். ஏதோ பால் வியாபாரம் பண்றாருன்னு நெனச்சுட்டேன்."

போன மாதம் மகள் அந்தப் பாட்டை எங்கோ தேடிப் பிடித்து போனில் போட்டுக் காட்டினாள். "மாடு இல்லப்பா. 'உன்னோடு மாடத்தில் நான் வாழுவேன்.' மாடியில ஒக்காந்து பாடுறா."

மனிதர் முகம் காற்றுப் போன டியூப் மாதிரி ஆகிவிட்டது. "அப்ப கொம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு தகரத்துக்கு அந்தப் பக்கம் ஸ்பேனர் விழும், இருமல் வரும், பாட்டு வராது. "கொஞ்சம் வாய மூடுங்கண்ணே" என்று அத்தனை காலம் தகரத்தைத் தட்டியவன் நான்தான். இப்போது நேரிலேயே போய், "பாடித் தொலைங்கண்ணே, எனக்கு வேலையே ஓடல" என்றேன்.

"வாயத் தொறந்தா மாடம்னு வருதுய்யா. எம் பொண்ணு ஒரே வார்த்தையில என்னய எருமை மேலேருந்து எறக்கி விட்டுட்டா" என்றார்.

நேற்று மகள் சாப்பாடு கொண்டுவந்தாள். பட்டறை வாசலில், பழுது பார்த்த எஞ்சின் ஒன்று மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "அந்தப் பாட்டப் போடும்மா" என்றார்.

அவள் தயங்கித் தயங்கிப் போட்டாள். இவர் எஞ்சின் பக்கத்தில் குந்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். போனில் அந்தக் குரல் 'உன்னோடு' என்று எடுத்ததும் எஞ்சினின் வேகக் கம்பியைச் சுண்டி இழுத்தார். தகரமெல்லாம் அதிர்ந்தது; 'மாடம்' அந்த டுக் டுக்கில் முழுகிப் போனது. புகைக்குள் இவருடைய வாய் அசைவது தெரிந்தது, பெருவிரலும்.

வரி முடிந்ததும் கம்பியைத் தளர்த்தினார்.

"மறுபடி போடும்மா" என்றார். கையைக் கம்பியிலிருந்து எடுக்கவில்லை.