யூதாஸ் வீசிய ஃபைபர் காசு

என் அக்கா ஜோனின் கணவர் லாய்ட் ஒரு பெரிய மனிதர் என்று உலகத்தில் ஒரே ஒருவர்தான் நம்புகிறார். அது லாய்ட். சரித்திரப் படங்களுக்குப் பொய்க்காசு வாடகைக்கு விடுவது அவர் தொழில். சாந்தோம் வீட்டில் கால் நீட்ட இடமில்லை. கட்டிலுக்கு அடியிலெல்லாம் மூட்டை மூட்டையாகப் புலி போட்ட காசு, மீன் போட்ட காசு. எல்லாம் ஃபைபர், மேலே பெயின்ட். ராஜா அள்ளி வீசினால் எவன் மண்டையும் உடையக்கூடாது அல்லவா? ‘கலீர்’ சத்தத்தைப் பிறகு டப்பிங்கில் சேர்த்துக்கொள்வார்கள். இந்த லட்சணத்தில், போகிற இடமெல்லாம் “சோழ கஜானாவே நம்ம கைல கீது” என்று அளப்பார்.

இந்தத் தவக்காலத்தில் எங்கள் பங்குக் கோயிலில் இயேசுவின் பாடுகளின் நாடகம். நடத்தியது நான். யூதாஸ் வேடம் தனக்குத்தான் என்று அத்தான் ஒற்றைக்காலில் நின்றார். பக்தியா? மண்ணாங்கட்டி! மகள் ஜொவிட்டாவைப் பெண் கேட்டிருந்த அடையாறு ஆஸ்வின் வீட்டார் நாடகம் பார்க்க வருகிறார்கள்; அன்றைக்கே பேசி முடிப்பதாக ஏற்பாடு. பாவம், பிள்ளைகள் இருவரும் வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள்.

ஒத்திகையில் சோடா மூடிகளை வைத்துச் சமாளித்தோம். “என் காசு ஷாட்டுக்குத்தான் வெளிய வரும்” என்று பிகு பண்ணினார்.

நாடகத்தன்று யூதாஸ் மனம் வெதும்பி, தலைமைக் குருவின் முன் வெள்ளிக்காசுகளை விட்டெறிந்தான். சத்தம் புளியங்கொட்டை கொட்டியதுபோல் இருந்தது. தலைமைக் குருவாக நின்ற லியோனார்ட் வசனத்தை மறந்து காசையே பார்த்தான். அத்தான் சும்மா இருக்கலாம் அல்லவா? ஷூட்டிங்கில் பழகிய வாய்.

“இன்னாத்துக்கு முழிக்கிற? டயலாக்க வுடு! சவுண்டு அப்பால போட்டுக்கலாம்!”

சட்டையில் மைக் இருந்தது. கூடமே குலுங்கிச் சிரித்தது. ஃபாதர் குனிந்துகொண்டார்.

நாடகம் முடிந்ததும் ஆஸ்வினின் அம்மா, நல்ல மனுஷி, கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். “சம்பந்தி, இப்படி மனசு விட்டுச் சிரிச்சு எவ்ளோ நாளாச்சு! கல்யாணத்துக்கு நாள் குறிச்சிடலாமா?”

வேறு யாராவது என்றால் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றியிருப்பார்கள். இந்த வீராப்புக்காரர் ஒட்டுத்தாடியோடு நின்று, “என்னப் பாத்து சிரிச்ச வூட்டுக்கு எம் பொண்ணக் குடுக்க மாட்டேன்” என்றார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அங்கேயே நாலு அறை விடலாம் போலிருந்தது.

ஜொவிட்டா மட்டும் பதறவில்லை.

“டாடி, முதல்ல சிரிச்சதே நான்தான். என்னையும் வீட்ட விட்டு அனுப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு, ஆஸ்வினின் அம்மா பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.