மூக்கோடு மூக்கு

சட்டையை நீட்டினால் முதலில் காலரைத்தான் முகர்வார். "நேத்து மழையில நனைஞ்சிட்டு, காயவெக்காம சுருட்டிப் போட்டிருக்கீங்க தம்பி" என்பார், தப்பாது. எங்கள் தெருமுனைச் சலவைக்கடைக்காரருக்கு வாசனை என்றாலே குற்றம். தண்டனை, சோப்பு.

அதே கையால்தான் மகளுடைய ஜெர்பில்களின் கண்ணாடித் தொட்டியையும் கழுவினார். ஜெர்பில் என்பது வாலில் குஞ்சம் வைத்த பாலைவன எலி. இவை கூடப் பிறந்தவை; அக்கா பழுப்பி, தங்கை கறுப்பி என்று மகள் வைத்த முறை. பழைய மரச்சீவலை மொத்தமாகக் கொட்டி, தொட்டியைப் பளபளவென்று துடைத்து, துணிக்குத் தெளிக்கும் வாசனைத் தண்ணீரையும் தெளித்து உள்ளே விட்டார். பத்தே நிமிடம். இரண்டும் ஒரே பந்தாக உருண்டன. பந்திலிருந்து முடி பறந்தது. கறுப்பியின் வாலில் ரத்தம்.

"அதுங்க மோந்துதான் சொந்தம் பாக்கும். நீங்க அதைக் கழுவி ஊத்திட்டீங்க" என்றார் கால்நடை மருத்துவர்.

"கறைய எடுக்கச் சொன்னா உறவையே எடுத்துட்டாரு மனுஷன்!" என்றார் மனைவி. "ஞாயித்துக்கிழமைக்குள்ள ராசியாகலைன்னா ஒண்ணு என் தம்பி வீட்டுக்குப் போயிடும், சொல்லிட்டேன்." மகள் அன்று சாப்பிடவில்லை.

மருத்துவர் சொன்ன வழி: நடுவே கம்பிவலை. தினமும் இரண்டையும் பக்கம் மாற்றி, ஒன்றின் படுக்கையில் மற்றதை விட வேண்டும். எதையும் கழுவக் கூடாது! தொட்டி இஸ்திரி மேசை ஓரத்துக்கு வந்தது. அவர் வலக்கை தானாகத் துடைக்கும் துணியை எடுக்கும்; இடக்கை பிடுங்கி வைக்கும். "அழுக்கத் தொடாதீங்க, அது மருந்து!" என்று வாடிக்கையாளர்களை விரட்டினார்.

"எது ஜெயிக்கும்ணே?" என்று கேட்ட பால்காரரிடம், "வாயக் கழுவுய்யா!" என்று பாய்ந்தார்.

ஞாயிறு காலை வலையை எடுத்தார். சண்டை மூண்டால் விலக்க, தடித்த தோல் கையுறையோடு ஒரு கை தொட்டிக்குள். மனைவி அட்டைப்பெட்டியோடு தயார். கறுப்பி பின்னங்காலால் தடதடவென்று தரையைத் தட்டியது.

"அடியே, உங்கக்காடி! நல்லா மோந்து பாருடி!" என்று கெஞ்சினார் கடைக்காரர்.

மூக்கோடு மூக்கு. பழுப்பி ஒரு கணம் யோசித்தது. பிறகு தங்கையின் காதை நக்கத் தொடங்கியது.

"நக்குதுப்பா! நக்குது!" மகள் குதித்தாள். மேசையே ஆடியது. பால்காரர் விசிலடிக்க விரலை வாய்க்குக் கொண்டுபோனார். மனைவி பெட்டியாலேயே அவர் தோளில் ஒன்று வைத்தார்.

அரை மணியில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக, கையுறையின் மீதே தூங்கிப்போயின. வாசலில் நான்கு பேர் துணி மூட்டையோடு காத்திருந்தார்கள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக மெல்ல உருவி, கையுறையை உள்ளேயே விட்டுவிட்டு வெறுங்கையை வெளியே எடுத்தார்.