காவிப்பட்டை கண்டால் நிற்கும் குதிரை

"...அதுக்காவத்தான் சொல்லுதேன், அய்யா. பயமில்லாத ஆளு குதிரையில ஏறப்படாது. பயம் இருந்தாத்தான் முட்டு இறுகும். முட்டு இறுகுனாத்தான் மேல ஆளு இருக்குன்னு அதுக்குத் தெரியும். நீங்க நெல்லு மூட்டை கணக்கால்லா இருக்கிய."

பாளையங்கோட்டை மைதானத்து ஓரத்தில், வேப்பமரத்தடியில், சேணத்தின் வயிற்றுவாரை இழுத்துக் கட்டிக்கொண்டே என் குதிரைக்காரர் சொன்ன வார்த்தை இது. மேலப்பாளையத்துச் சாயபு. என் வயதுதான், முப்பத்திரண்டோ முப்பத்துமூன்றோ. ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தவர் என்னிடம் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. நான் அவரைச் சாயபு என்பேன். அவர் என்னை அய்யா என்பார். கோபம் வந்தால் அந்த அய்யா கொஞ்சம் நீளும்.

அவர் சொன்னது சரிதான். எனக்குப் பயம் இல்லை. தைரியத்தினால் அல்ல. பயம் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான்.

சித்திரையில் ஊரில் வாந்திபேதி கண்டது. என் வீட்டுக்காரி இரண்டு நாள் கிடந்தாள். மூன்றாம் நாள் விடியக்காலம், கோயில் மதில் ஓரம் நின்று, தலைக்குமேல் கை குவித்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். மைத்துனன் தெருவில் ஓடிவந்து, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, "அத்தான்" என்று மட்டும் சொன்னான். தூக்கிய கையை அப்படியே இறக்கினேன். அதற்குப்பிறகு தூக்கவில்லை. வைராக்கியம் என்று யாராவது எண்ணவேண்டாம். கை வரவில்லை. அழுகையும் வரவில்லை. ஆண்கள், "ஆம்பிளைன்னா இப்படில்லா இருக்கணும்" என்று மெச்சினார்கள். கொழுந்தியாள் ஒருத்தி மட்டும் என் காதுபடவே, "கல்லுலகூட ஈரம் உண்டும்பாவ, கல்தச்சனுக்குத்தான் தெரியும்" என்றாள். அது வசவா ஆறுதலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் நல்ல வார்த்தை. அதனால் வைத்திருக்கிறேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. கலெக்டர் கச்சேரியில் நகல் எழுத உட்கார்ந்து, எழுதி எழுதியே இங்கிலீஷ் பழகியவன். மற்றதெல்லாம் நாலுபேர் வாய்ப் பேச்சைக் கேட்டுக் கற்றதுதான். அந்தச் சித்திரைக்குப் பிறகு மேசையில் உட்கார முடியவில்லை. சாயங்காலம் ஐந்து மணியானால் வீட்டுக்குப் போகவேண்டுமே. போனால் அவிந்த அடுப்பு, கவிழ்த்துப்போட்ட தோசைக்கல். அடுத்த வீட்டில் ஆட்டுரல் சத்தம். இரண்டாம் கல்யாணம் பேச வரிசையாக வரும் உறவினர். ஆகவே பிர்க்கா இன்ஸ்பெக்டர் வேலைக்கு மனுப் போட்டேன். இருபது இருபத்தைந்து கிராமம், நிலம் பார்க்க வேண்டும், தீர்வை பார்க்க வேண்டும், மாதத்தில் இருபது நாள் வெளியே. சேரன்மாதேவிப் பக்கம் போட்டார்கள், தற்காலிகமாக. எங்கேயாவது சாவடியில் தூங்குவேன். வீட்டு ஞாபகம் வராது. வேறு ஞாபகமும் வராது. எனக்கு அது போதுமாயிருந்தது.

அந்த உத்தியோகத்துக்குக் குதிரை ஏறத் தெரியவேண்டும். ஓய்வுபெற்றுப் போன பழைய இன்ஸ்பெக்டரிடமிருந்து ஒரு மட்டக்குதிரையை வாங்கினேன். சாம்பல் நிறம், சாது. குதிரை குணமறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை என்பார்கள். இதற்குக் கொம்பு கொடுத்திருந்தாலும் ஒரு கேடும் வந்திராது. ஒரே ஒரு பழக்கம். எந்தக் கோயில் மதிலைக் கண்டாலும், காவியும் சுண்ணாம்புமாகப் பட்டை தெரிந்தால், நேரே அதன்முன் போய் நின்றுவிடும். பழைய இன்ஸ்பெக்டர் பழுத்த சைவர். ஆற்றங்கரை வழியெல்லாம் கோயில். ஒவ்வொன்றின் முன்பும் நிறுத்தி, சேணத்தில் இருந்தபடியே தலைக்குமேல் கைகூப்பி, "சிவ சிவ" என்று மூன்றுதரம் சொல்லி, பிறகுதான் நகர்த்துவாராம். பன்னிரண்டு வருஷம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். மனிதனுக்கு மட்டும் சொன்ன வார்த்தையா அது?

என்னிடம் வந்த பிறகும் அது நின்றது. நான் கும்பிடவில்லை. அது காத்துப் பார்க்கும், ஒரு காதைப் பின்னால் திருப்பும். ரொம்ப நேரம் கழித்து மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டு, தானே கிளம்பும். அந்தப் பழக்கத்தை நான் திருத்தவில்லை. சாயபுவிடம் ஒருநாள், "நாலு அடி போட்டால் மறந்திராதா?" என்று கேட்டேன்.

"சாமி முன்னால நிக்கிற சீவன எப்படி அய்யா அடிக்க?" என்றார். "உங்க சாமியா இருந்தா என்ன, எங்க அல்லாவா இருந்தா என்ன, நாளைக்குப் பதில் சொல்லணும்லா? நீங்க அடிங்க, நான் அந்தாலத் திரும்பிக்கிடுதேன்."

நானும் அடிக்கவில்லை. கோயில் முன் நிற்கும் குதிரையை அடிப்பதற்கு எங்கள் ஜில்லாவில் ஆள் தேடவேண்டும்.

இப்படி இருக்கையில் கலெக்டர் துரை ஓர் ஏற்பாடு செய்தார். புதிதாகக் குதிரை பழகிய சுதேசி உத்தியோகஸ்தர்களுக்கென்று ஒரு தாண்டல் பந்தயம். இரண்டடி உயரத்தில் மூன்று தடை. குழந்தை விளையாட்டுத்தான். ஆனால் கச்சேரித் தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தார் என்னைக் கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஓய், மூணையும் தாண்டாதவன் ஊரூராச் சுத்துற சர்க்கீட்டுக்கு லாயக்கில்லேன்னு துரை நெனைக்காரு. உம்ம பழைய மேசை காலியாத்தான் கெடக்கு, பாத்துக்கிடும்" என்றார். அவர் நல்லதற்குத்தான் சொன்னார். மேசை என்றால் ஐந்து மணி. ஐந்து மணி என்றால் அந்த அடுப்பு.

பதினைந்து நாள் ஆற்று மணலில் பழகினோம். சாயபு பனைமட்டையைக் கட்டித் தடை செய்தார். குதிரை ஆடு வேலி தாண்டுவதுபோல் அலட்டாமல் தாண்டியது. நானும் மேலே இருந்தேன், விழவில்லை. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

பந்தயத்தன்று காலை சாயபு வாரை இறுக்கி, மேலே சொன்ன வார்த்தையைச் சொல்லி முடித்த சமயத்தில், மைதானத்துக்குள் ஒரு மாட்டுவண்டி வந்தது. சேவகர்கள் தடைகளை இறக்கி நட்டார்கள். பனைமட்டை இல்லை, மூங்கில் இல்லை. பலகைத் தட்டி. துரைமார் வழக்கப்படி, குதிரையின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவேண்டுமென்று, சிவப்பும் வெள்ளையுமாக நெட்டுப்பட்டை அடித்திருந்தது.

சாயபு பார்த்தார். நான் பார்த்தேன். குதிரையும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"போச்சு" என்றார் சாயபு. "மூணு கோயிலுல்லா கெட்டிப்புட்டான்."

அப்போதுதான் பயம் வந்தது. முழங்காலில்தான் முதலில். ஏழு மாதமாக மரத்துக் கிடந்த காலில் முள் முள்ளாகக் குத்துகிறதே, அப்படி. விழுந்துவிடுவேன் என்ற பயம் இல்லை. அந்தக் குதிரை என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும். அதுதான் பயம்.

"சாயபு, நான் வரலேன்னு சொல்லிருதேன்."

"சொல்லுங்க. மேசையில போயி உக்காருங்க." அவர் என் முழங்காலைப் பிடித்துப் பார்த்தார். "அடேயப்பா, இன்னைக்குல்லா இறுகியிருக்கு. ஏறுங்க, அய்யா. இப்ப ஏறலாம்."

எனக்கு முன்னால் மூன்று பேர். அதில் ஒருவர் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவ வேதக்காரர், சப்-இன்ஸ்பெக்டர், வாய் சும்மா இராது. மூன்றையும் தாண்டினார், மூன்றாவதில் தலைப்பாகை மட்டும் அந்தப்பக்கம் போகாமல் இந்தப்பக்கமே நின்றுவிட்டது. அதை எடுத்து உதறிக்கொண்டே என் பக்கம் வந்தார்.

"என்னவே, உம்ம பண்டாரம் தாண்டுமா? இல்ல, அங்கன நின்னு துன்னூறு வாங்கிட்டுத்தான் வருமா?"

"வாங்குனா உமக்கும் கொஞ்சம் கொண்டாரேன்வே" என்றேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

சிரஸ்தார் சட்டத்தைத் தமிழில் ஒருமுறை கத்திச் சொன்னார்: இரண்டுதரம் குதிரை நின்றால் மன்னிப்பு உண்டு, மூன்றாம் தரம் நின்றால் வெளியே. பிறகு என் முறை.

முதல் தடைக்குப் போனோம். குதிரை நல்ல ஓட்டமாக ஓடி, இரண்டு முழத்துக்கு இந்தப்பக்கம், வெகு மரியாதையாக நின்றது. நான் அதன் கழுத்தில் போய் மோதினேன். கூட்டம் சிரித்தது. "ஒண்ணு!" என்றார் சிரஸ்தார். குதிகாலால் இடித்தேன். அது ஒரு காதைப் பின்னால் திருப்பிற்று. காத்திருந்தது. அது தானாகப் பெருமூச்சு விடும்வரை துரை காத்திருப்பாரா? கடிகாரத்தை எடுத்துக் கையில் வைத்திருந்தார்.

கயிற்றுக்கு அந்தப்பக்கத்திலிருந்து சாயபு, சத்தம் போடாமல், ஆனால் எனக்குக் கேட்கும்படி, "அது உங்களுக்காவத்தான் நிக்கி அய்யா. கும்பிட்டு முடிங்க, போயிரும்" என்றார்.

"வராதுவே."

"கைதான, அய்யா? தூக்குனா வரும்."

கடிவாளத்தை விட்டேன். வலதுகை முதலில் வந்தது, இடதுகை பின்னால். தோள்பட்டை துருப்பிடித்த கீல் மாதிரி இருந்தது. தலைக்குமேல் சேர்த்தேன். மதில் ஓரம், விடியக்காலம், "அத்தான்" என்ற குரல் எல்லாம் அங்கேயே நின்றுகொண்டிருந்தன, நான்தான் இத்தனை நாள் அந்தப்பக்கம் போகவில்லை. "சிவ சிவ" என்றேன். காற்றுத்தான் வந்தது. இரண்டாவது தரம் பாதி. மூன்றாவது தரம் ஏதோ சத்தம் வந்தது. குதிரை நின்ற இடத்திலிருந்தே எழும்பித் தாண்டிற்று. நான் கை இறக்குமுன் அந்தப்பக்கம் இருந்தோம். பிடரிமயிரைப் பிடித்துக்கொண்டு பிழைத்தேன்.

துரை பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். நான் தோற்றுப்போனதாகச் சொல்லிக் கையைத் தூக்கினேன் என்று அவருக்கு எண்ணம் போலும்.

இரண்டாவது தடையிலும் அப்படியே நின்றது. "ரெண்டு!" மறுபடி கை, மறுபடி மூன்று தரம். இந்தத் தடவை வார்த்தை முழுசாக வந்தது. தாண்டியது. சிரிப்பு அடங்கிவிட்டது. ஜனங்கள் கும்பிடுகிறவனைப் பார்த்து எத்தனை நேரம் சிரிப்பார்கள்? வேலி ஓரத்தில் ஒரு கிழவி, என்ன ஏதென்று தெரியாமலே, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மூன்றாவது தடை நாற்பது கஜம் தள்ளி இருந்தது. இனி நின்றால் வெளியே. நிற்காமல் இராது. கையில் கடிவாளம் இருப்பதே தெரியவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. அடுப்பும் தோன்றியது.

"எட்ட இருந்தே கும்பிட்டுருங்க, அய்யா!" என்று சாயபு கத்தினார். இப்போது சத்தம் போட்டே கத்தினார். "அங்கன போவறதுக்குள்ள முடிச்சிருங்க! முடிஞ்ச கும்பிடுக்கு அது ஏன் நிக்கி?"

ஓடும் குதிரையின்மேல் கடிவாளத்தை விடுவது என்றால் என்ன என்று, குதிரை ஏறியவர்களுக்குத் தெரியும். எனக்கு அன்று தெரிந்த பயம் முழுவதையும் முழங்காலுக்கு அனுப்பினேன். அது இறுகிக்கொண்டது. குதிரையை ஓட விட்டேன். பத்து அடி போனதும் கடிவாளத்தை அதன் கழுத்தில் போட்டேன். கை இரண்டும் ஒன்றாக மேலே போயின. "சிவ சிவ." குதிரையின் காது பின்னால் திரும்பியது. "சிவ சிவ." பட்டை பெரிதாகி வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது, ஆனால் மூடிக்கொண்டேன். மூன்றாவதை நான் சொல்லவில்லை, கத்தினேன். ஊர் முழுக்கக் கேட்டிருக்கும்.

காது முன்னால் திரும்பியதைப் பார்த்தவர்கள் பின்னால் சொன்னார்கள். கீழே தரை இல்லாமல் ஒரு நொடி. பிறகு தரை.

சிரஸ்தார் எண்ணவில்லை. துரை கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சப்-இன்ஸ்பெக்டர், "ஏ அய்யா, எங்க பாதிரிகூட இப்படிக் கத்தி செபம் பண்ணமாட்டாரு" என்றார். கேலி பாதி, மற்றப் பாதி வேறு என்னமோ. சிரஸ்தார் வந்து, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, "திங்கக்கிழம சேரன்மாதேவிக்குப் புறப்படும். மேசைக்கு வேற ஆளு போட்டுக்கிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கை மட்டும் வலித்தது, இரண்டு தோளிலும். அந்த வலியைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

சாயபு கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பைய நடந்து வந்து குதிரையின் முன்னால் நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் நெற்றி, கண்ணோரம், மூக்கு எல்லாம் துடைத்தார். பிறகு என்னைக் குனியச் சொல்லிக் கை காட்டி, அதே துண்டின் மறுமுனையால் எனக்கே தெரியாமல் நனைந்திருந்த என் முகத்தையும் துடைத்துவிட்டார்.