கனகலிங்கத்தின் படத்துக்கு மாலை விழுந்த கதை

செத்தவர்களின் படத்துக்குத்தான் சந்தன மாலை போட்டு, பக்கத்தில் சின்னச் சிவப்பு மின்விளக்கு எரிய விடுவார்கள். கனகலிங்கத்துக்கு அந்த மரியாதை முப்பத்திரண்டு வயதில், ஆள் உயிரும் உடலுமாய் நடமாடும்போதே கிடைத்தது. அதுவும் எந்த நாள்? பெண் வீட்டார் அவனைப் பார்க்க வந்த நாள். இப்போது சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். அன்றைக்கு அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

லண்டன் நோர்பரியில், ரயில் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற வீடு அது. கீழே கனகலிங்கத்துக்கும் பத்மநாதனுக்கும் ஆளுக்கோர் அறை. பத்மநாதன் ஊரில் தபாற்கந்தோரில் இருந்தவர், வயதில் மூத்தவர். சமையல், சாமி, மற்றவர்களுடைய கல்யாணம் என்று மூன்றையும் யாரும் கேட்காமலே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும் மனிதர். மேல் அறையில் நோரா என்கிற அவுஸ்திரேலியாக்காரி. படம் கீறுகிற ஓவியக்காரி. பகலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுவாள், மிச்ச நேரமெல்லாம் தூரிகையும் கையும்தான். மாடிப்படியில் எந்நேரமும் டர்பன்டைன் நெடி. பத்மநாதன் அதற்குப் போட்டியாகச் சாம்பிராணி போடுவார். இரண்டும் கலந்து வருகிற வாசம் இருக்கிறதே, அதை அந்த வீட்டில் இருந்தவர்கள்தான் அறிவார்கள்.

கனகலிங்கம் விடியப்புறம் பெற்றோல் நிலையத்தில் நிற்பான். பின்னேரம் சூப்பர்மார்க்கெட்டில் சாமான் அடுக்குவான். இரண்டுக்கும் நடுவில் வீட்டுக்கு வந்து குசினியில், அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து ஒரு சப்பாத்தைக் கழற்றுவான். மற்றதைக் கழற்றுவதற்குள், கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு கண் சொருகிவிடும். இதை நோரா ஒருநாள் கண்டாள், இன்னொரு நாளும் கண்டாள். பிறகு, உன்னை நான் கீற வேண்டும் என்று கேட்டாள்.

அவனுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்மநாதனுடைய கோட்டை மாட்டி, கழுத்துப்பட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, முகத்துக்குப் பவுடரும் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி வந்து கதிரையில் இருந்தான். படம் எடுக்கப் போகிறவன் அப்படித்தானே போவான்? நோரா பார்த்துவிட்டுத் தூரிகையைக் கீழே வைத்தாள். ஷிப்டில் போடுகிற அந்தக் கம்பளிச் சட்டையோடு வா என்றாள். முடியாது என்றான். கந்தலோடு படத்துக்கு இருக்க நான் என்ன பிச்சைக்காரனா என்று அவனுக்கு ரோசம்.

அவள் சண்டை பிடிக்கவில்லை. மேலே போய்த் தடித்த படப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். முதன்முதல் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிப் போன வெள்ளைக்கார ஓவியர்களின் படங்கள். அங்கே நின்றவை யூக்கலிப்டஸ் மரங்கள். மெலிந்தவை, பட்டை உரிந்தவை, இலையைக் கீழே தொங்கவிட்டு நிற்பவை, ஒழுங்காக ஒரு நிழல்கூடத் தராதவை. வந்தவர்களுக்கோ கை பழகினது இங்கிலாந்தின் ஓக் மரம். ஆகவே அவர்களில் கனபேர் யூக்கலிப்டஸைப் பார்த்துப் பார்த்து ஓக் மரத்தைக் கீறி வைத்தார்களாம். குண்டு குண்டாக, பச்சைப் பசேலென்று. கண் முன்னால் நின்ற மரத்தை அந்த மரமாகவே கீறுவதற்கு அவர்களுக்குப் பல காலம் பிடித்தது. பிறகுதான் சில இளம் ஓவியர்கள் கூடாரம் அடித்து, வெயிலுக்குள் நின்று, வெளிறின புல்லையும் புழுதியையும் உள்ளபடி கீறினார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் ஆயிரமாயிரம் வருஷம் முந்தியே அந்த மண்ணுக்கு உரியவர்கள் பாறையிலும் மணலிலும் மரப்பட்டையிலும் கீறிக்கொண்டுதான் இருந்தார்கள் என்று நோரா சொன்னாள். தங்கள் மரம் எப்படி நிற்கும் என்று அவர்களுக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றைக்குக் கீறுகிற படம் ஒன்றையும் காட்டினாள். சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாய், புள்ளி புள்ளியாய், மேலே பறக்கிற பருந்து நிலத்தைப் பார்த்தது போல் இருந்தது.

கனகலிங்கத்துக்கு யூக்கலிப்டஸ் என்றால் தடிமன், சளிக்கு நெஞ்சில் பூசுகிற தைலப் போத்தல்தான் தெரியும். இதற்கும் என் கோட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டான்.

இந்தக் கோட்டோடு நீ எனக்கு ஓக் மரம் என்றாள் நோரா.

ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். பிறகு, ஏதோ போகட்டும் என்று கம்பளிச் சட்டையோடு வந்து குந்தினான்.

படம் முடிந்தபோது பார்க்க வேண்டுமே. லண்டன் முழுக்கச் சாம்பலும் பச்சையுமாய்க் கிடக்க, அவள் அவனைத் தன் ஊர்ச் செம்மண் நிறத்திலும் காய்ந்த புல்லின் மஞ்சளிலும் கீறியிருந்தாள். பாதி மூடின கண், தொங்கின தோள், ஒரு காலில் மட்டும் சப்பாத்து, நெஞ்சில் பெற்றோல் நிலையத்தின் வில்லை. கிட்டப் போனால் வெறும் மண் அப்பினது மாதிரி. நாலடி தள்ளி நின்றால் கனகலிங்கம் மூச்சு விடுவான். ஆனால் ஐம்பத்தைந்து வயதுக் கனகலிங்கம்.

“தம்பி, இதை ஆரும் கண்டா உனக்குக் காசநோய் எண்டு நினைப்பினம்,” என்றார் பத்மநாதன்.

அவுஸ்திரேலிய ஓவியர் சிலர் சேர்ந்து ஒரு மதுச்சாலையின் மாடியில் கண்காட்சி வைத்தார்கள். எல்லோரும் நோராவைப் போலப் பகலில் எங்கேயோ கூலிக்கு நின்று இரவில் கீறுகிறவர்கள். படம் அங்கேயும் போய் ஆட்கள் பார்த்து, திரும்பி வந்தது. நோரா அதைக் கனகலிங்கத்துக்கே கொடுத்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

இந்த நேரத்தில்தான் தவமலர் வந்தாள். வந்தாள் என்றால், கிங்ஸ்பரியில் ஒரு அரங்கேற்றத்தில் அவன் கண்ணில் பட்டாள். வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறவள், ஷிப்ட் முடிந்த கையோடு வந்திருக்கிறாள். பட்டுச் சேலையோடு நிமிர்ந்து இருந்தபடியே, மேடையில் ஒரு பிள்ளை துள்ளித் துள்ளி ஆட, இவள் வாயைத் திறந்து நல்ல நித்திரை. பக்கத்திலே இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். கனகலிங்கமோ மேடையைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கைதட்டல் கேட்டு விழித்தவள், அவன் பார்ப்பதைக் கண்டு சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். அவ்வளவுதான். கட்டினால் இவளைத்தான் என்று பத்மநாதனிடம் வந்து நின்றான். அதுவரை எத்தனையோ சம்பந்தத்தைத் தட்டிக்கழித்தவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும், பத்மநாதன் அன்றைக்கே மூச்சுவிடாமல் ஆட்களை விசாரித்துவிட்டார். பெண்ணை வளர்த்தவர்கள் தாய்மாமன் தியாகராஜாவும் அவருடைய மனைவி கலாவதியும். மாப்பிள்ளையையும் வீட்டையும் பார்க்கச் சனிக்கிழமை வருகிறோம் என்றார்கள்.

சனிக்கிழமை காலையில் பத்மநாதன் செய்த முதல் வேலை, முன்னறையில் தொங்கின அந்தப் படத்தைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்ததுதான். அதற்குப் பதிலாக, கோட்டும் கழுத்துப்பட்டியுமாய் ஸ்டூடியோவில் எடுத்த கனகலிங்கத்தின் புகைப்படத்தை மேசையில் நிறுத்தினார். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் செய்கிற உலகத்தில் ஒரு படத்தை மறைத்தால் பாவமா என்று கேட்டார். கனகலிங்கம் தலையை ஆட்டினான். பிறகு இருவரும் விருந்தாளிகளை எதிர்கொள்ள ரயில் நிலையத்துக்குப் போய்விட்டார்கள்.

நோரா கீழே இறங்கி வந்தாள். கனகலிங்கத்துக்கு இன்று முக்கியமான ஆட்கள் வருகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். பார்த்தால், ஆணி வெறுமனே நிற்கிறது, படம் கதவுக்குப் பின்னால். அட, அவசரத்தில் மாட்ட மறந்துவிட்டார்கள் என்று நினைத்துத் தூக்கி மாட்டினாள். மாட்டினவள் அதோடு விட்டாளா? பத்மநாதனுடைய அறையில் அவருடைய தாயாரின் படத்துக்குச் சந்தன மாலையும் சிவப்பு விளக்கும் இருப்பதை எத்தனையோ தரம் கண்டிருக்கிறாள். ஏன் என்று ஒருநாள் கேட்டதற்கு அவர் ‘மரியாதைக்கு’ என்று மட்டும் சொல்லியிருந்தார். தாய் செத்துப் போனதைச் சொல்லவில்லை. ஆகவே நோரா அந்த மாலையை எடுத்துக் கனகலிங்கத்துக்குப் போட்டு, விளக்கையும் கொண்டுவந்து கொளுவி எரியவிட்டு, வடிவு பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். நல்ல மனம்தான். யார் என்ன குறை சொன்னாலும் அந்தப் பிள்ளையின் மனம் நல்ல மனம்.

விருந்தாளிகள் வந்தார்கள். பெண்ணைக் கூட்டி வருவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தவமலர் தானாகவே வெளிக்கிட்டு வந்திருந்தாள். பத்மநாதன் தேத்தண்ணி வைக்க நேரே குசினிக்குப் போனார். கனகலிங்கம் வாசலில் கோட்டுகளை வாங்கி மாட்டிக்கொண்டிருந்தான். முன்னறைக்குள் போனவர்களின் பேச்சு டக்கென்று நின்றது. அவன் எட்டிப் பார்த்தான். கலாவதி அவனுடைய படத்துக்கு முன்னால் கைகூப்பிக் கண்ணை மூடி நிற்கிறாள்.

தியாகராஜா திரும்பினார். “தம்பி, அப்பா எப்ப காலமானவர்? எங்களுக்கு, ஊரில சுகமா இருக்கிறார் எண்டெல்லோ சொன்னவை.”

 கனகலிங்கத்தின் தகப்பனோ ஊரில், கொக்குவிலில் குத்துக்கல் மாதிரி இருக்கிறார். அவன் அதைச் சொல்லுமுன் தட்டத்தோடு வந்த பத்மநாதன் மாலையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், தபாற்கந்தோரில் பழகின வேகத்தில் ஒரு பொய்யை எடுத்து நீட்டினார். “இது தம்பியின்ர பெரியப்பா. போன வருஷம் தவறிப்போனார். பெரிய பள்ளிக்கூடத்தில அதிபரா இருந்தவர்.”

கலாவதிக்கு உருகிவிட்டது. அதே மூக்கு, அதே நாடி என்று சொன்னாள். தியாகராஜா, படித்த குடும்பம் என்று தலையாட்டினார். எல்லாம் சரிவந்துவிட்டது போலத்தான் இருந்தது. கனகலிங்கமும் மூச்சை விட்டான். தவமலர் மட்டும் படத்துக்குக் கிட்டப் போனாள், பிறகு நாலடி பின்னுக்கு வந்தாள்.

“அதிபர் பெற்றோல் ஸ்டேஷன் வில்லை குத்திக்கொண்டோ பள்ளிக்கூடம் போனவர்?” என்றாள்.

பத்மநாதன் அடுத்த பொய்யைத் தேடியபடி தட்டத்தை மேசையில் வைத்தார்.  கனகலிங்கம் ஸ்டூடியோப் படத்தைப் பார்த்தான், சுவரில் தொங்குகிறவனைப் பார்த்தான். இனிப் போனால் போகட்டும்.

“அது நான்தான். ஒருத்தரும் சாகேல்லை,” என்றான்.

நோராவையும் கோட்டுச் சண்டையையும் ஓக் மரக் கதையையும் குளறிக் குளறிச் சொன்னான். தியாகராஜா கதையைக் கேட்டாரோ இல்லையோ, எழும்பிவிட்டார். உயிரோடு இருக்கிறவனுக்கு மாலை, அதுவும் பெண் கால் வைக்கிற நாளில், இதைவிட என்ன சகுனம் வேண்டும் என்று கலாவதியும் கைப்பையைத் தேடினாள். பொய் வேறு. நியாயம்தானே, யாருக்கும் கோபம் வரும். கனகலிங்கம் வாங்கி மாட்டின கோட்டுகளைத் திரும்ப எடுக்க வாசலுக்குப் போனான். 

“நில்லுங்கோ,” என்றாள் தவமலர். அவன் நின்றான். அவள் மேசைப் படத்தைக் காட்டினாள். “வேலையால வீட்டை வாறது இவரோ?” பிறகு சுவரைக் காட்டினாள். “இல்லை, அவரோ?”

“அவர்தான். ஒவ்வொரு நாளும் அவர்தான்.”

“அண்டைக்கு அரங்கேற்றத்தில நான் வாயைத் திறந்துகொண்டு நித்திரை கொண்டதைப் பாத்தது நீங்கள்தானே?”

“ஓம்.”

“அதைப் பாத்திட்டும் பொம்பிளை கேட்டு வந்திருக்கிறீங்கள்.”

“அதைப் பாத்துத்தான் வந்தனான்.”

தவமலர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறினாள். மாலையைக் கழற்றிப் பத்மநாதனின் கையில் கொடுத்தாள், குனிந்து விளக்கையும் அணைத்தாள். இறங்கி வந்து ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு இருந்தாள்.

“மாமா, இருங்கோ. தேத்தண்ணி ஆறப்போகுது.”

தியாகராஜா மனைவியைப் பார்த்தார். கலாவதி மருமகளைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்று இருவருக்கும் தெரியும். வடை சூடாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருவரும் உட்கார்ந்தார்கள்.

கல்யாணத்துக்கு நோராவும் சேலை கட்டி வந்தாள். மணவறையில் மாலை விழுந்தபோது, இது உனக்கு இரண்டாவது என்று பத்மநாதன் காதுக்குள் சொல்ல, ஐயர் மந்திரம் சொல்லும்போதே மாப்பிள்ளை சிரித்ததாகக் கதை. நோரா தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில் ஊருக்குத் திரும்பினாள். இப்போதும் அங்கே எங்கேயோ செம்மண் நாட்டில் இருந்து கீறுகிறாளாம். மார்கழியில் வாழ்த்து அட்டை வரும், அதிலும் ஒரு மெலிந்த மரம் நிற்கும்.

ஸ்டூடியோப் படம் படிக்குக் கீழே குடைகளோடு கிடக்கிறது. நோராவின் படம் நடுவறையில், தவமலர் அடித்த ஆணியில். புதிதாக வருகிற ஆட்கள் இன்றைக்கும் குரலைத் தாழ்த்தி, இவர் எப்போது காலமானவர் என்று கேட்பார்கள். தவமலர் பதில் சொல்லாமல் குசினிப் பக்கம் கையைக் காட்டுவாள். அங்கே, குசினிக் கதிரையில், ஒரு காலில் சப்பாத்தோடு, கையில் தேத்தண்ணியோடு, அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.